கீழ்ஸ்தாயி – 7: ஐம்பது ஹெர்ட்ஸ் அழையா விருந்தாளி

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தூத்துக்குடிக்கு இரவு கிடையாது. ஜூலை 26-ல் கொடியேறும் பனிமய மாதா பேராலயத் திருவிழா, ஆகஸ்ட் 5-ஐ நோக்கி நகர நகர, கோயிலைச் சுற்றிய தெருக்களில் சீரியல் செட்டுகள் ஓடத் தொடங்கும். ராட்டினம், மக்ரூன், பொரித்த பரோட்டா, ஜெனரேட்டர் புகை. இந்த வெளிச்சத்துக்கு நடுவே எங்காவது ஒரு லைட் மியூசிக் மேடை போட்டிருப்பார்கள். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, கொர்ர்னு சத்தம் வருது. கேக்குதா?"

"கேக்குது தம்பி. ஒன் கிட்டார்ல இருந்துதான் வருது."

"கிட்டார்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்தப் பக்கத்து லைட்ட அணைச்சா நின்னுரும் பாருங்க."

"திருவிழாவுல லைட்ட அணைக்கச் சொல்லுதியால நீ?"

விளக்கு அணையாது. கொர்ர் சத்தமும் போகாது. தம்பி தன் கிட்டாரோடு மேடையிலேயே மெதுவாகத் திரும்பிப் பார்ப்பான். கிழக்கே பார்த்து நின்றால் சத்தம் அதிகம். வடக்கே திரும்பினால் பாதியாகக் குறையும். அன்று இரவு முழுக்கக் கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டே வாசித்து முடிப்பான்.

அந்தக் கொர்ர் சத்தம்தான் இந்த வாரத்தின் வில்லன்.

•••

இதுவரை வந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்க முடியாமல் தவித்த வாத்தியக்காரர்கள். 1930-களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் செய்து பார்த்து, யாரும் சீந்தாமல் போன மின்சார பேஸ். பிறகு 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய பிரிசிஷன் பேஸ். கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் பதித்த, தோளில் மாட்டக்கூடிய, சுருதி தவற வழியில்லாத நாலு தந்தி வாத்தியம்.

லியோவைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. படித்தது கணக்குப்பிள்ளை வேலைக்கு. பிழைத்தது ரேடியோ ரிப்பேர் கடையில். நம்மூரில் முக்குக்கு ஒன்றாக இருந்தனவே, திறந்து கிடக்கும் ரேடியோக்களும் ஈயம் காய்ச்சிய வாசனையுமாக, அப்படி ஒரு கடை. இசைக்கலைஞர்கள் கருவியைக் கொண்டுவந்து போடுவார்கள், குறை சொல்வார்கள், இவர் திருகாணியைக் கழற்றுவார். உலகத்தின் புகழ்பெற்ற பேஸ் கிட்டார்களைச் செய்தவருக்குக் காது ஒரு மெக்கானிக்கின் காது. பாட்டு எப்படி இருக்கிறது என்பதைவிட, எங்கே இரைகிறது என்பது அந்தக் காதில் முதலில் விழும்.

1951-ல் அவர் செய்த பேஸ் இரைந்தது.

•••

பிக்கப் என்பது என்ன? அடியில் காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலைந்த புலம் சுருளில் துளி மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி. அதைத் தந்திக் கருவிக்கு வெற்றிகரமாகப் பொருத்தியவர் ஜார்ஜ் பீச்சம். 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் வெளியிட்ட வறுவல்சட்டி வடிவ கிட்டாரில். அதற்கு அவர் 1937-ல் காப்புரிமையும் பெற்றார்.

இதில் ஒரு சிக்கல். தந்தியின் குரலைக் கேட்கும் அதே சுருள், தன்னைச் சுற்றியுள்ள எல்லாக் காந்தப்புலத்தையும் சேர்த்தே கேட்கும். அதற்குப் பாகுபாடு தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், மின்விசிறி, சீரியல் செட் என்று எங்கே மாறுதிசை மின்சாரம் ஓடினாலும் அதன் துடிப்பு சுருளுக்குள் ஏறிவிடும். அதைத்தான் மேடைக்காரர்கள் ஹம் என்கிறார்கள். தம்பி திரும்பி நின்றபோது சத்தம் குறைந்ததும் இதனால்தான். புலம் வரும் திசைக்குப் பக்கவாட்டில் சுருள் திரும்பிவிட்டால் அதற்குள் நுழைவது குறைந்துவிடும்.

எல்லா ஊரிலும் ஹம் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 தடவை துடிக்கிறது. நம்முடையது 50. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஈ. திறந்து மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். அதே தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஜி, 49 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு முழம் தள்ளி, 50-ல். சுருதிக் கணக்கில் சொன்னால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம். அதோடு விடாமல் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். பேஸின் மெல்லிய தந்தியான திறந்த ஜி 98 ஹெர்ட்ஸ். அங்கேயும் அதே இடறல்.

ஆக, இந்தியாவில் வாசிக்கும் பேஸ் கலைஞன் ஜி ஸ்கேலில் ஒரு பாட்டை எடுத்தால், அவன் பின்னாலேயே சுருதி கலைந்த ஒரு தம்புராவை மின்வாரியம் மீட்டிக்கொண்டிருக்கும். கலிஃபோர்னியாக்காரருக்கு இந்த இம்சை ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே எங்கோ விழுகிறது, பரவாயில்லை. நமக்கு நேராக நடு வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

•••

1957, ஃபுல்லர்டன்.

ஹம்மை ஒழிக்கும் வழி அதற்குள் ஒருவர் கையில் இருந்தது. கிப்ஸன் கம்பெனியின் செத் லவர், இரண்டு சுருள்களை அருகருகே வைத்து ஒன்றை ஒன்று எதிர்க்கச் செய்யும் உபாயத்தைக் கண்டுபிடித்து 1955-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். அது கிடைக்க 1959 ஆனது. அந்தப் பிக்கப்புகளின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. இன்று அந்த ஸ்டிக்கருக்காகவே லட்சங்களைக் கொட்டுகிற ஆட்கள் உண்டு. அந்தக் கிறுக்கு தனிக் கதை.

லியோ வேறு வழியில் போனார். இரண்டாவது சுருள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. இருந்த ஒரே பிக்கப்பை இரண்டாக வெட்டினார்.

ஒரு பாதி ஈ, ஏ தந்திகளுக்கு அடியில். மறு பாதி டி, ஜி தந்திகளுக்கு அடியில். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாமல், ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. ஒரு பாதியில் காந்தத்தின் வடமுனை மேலே. மறு பாதியில் தென்முனை மேலே. சுருள்களின் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிர்.

தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே தேருக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். ஹம் இரண்டு வடத்தையும் ஒரே பலத்தோடு இழுக்கிறது. தேர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தந்தியின் அதிர்வோ அப்படியில்லை. சுற்றும் எதிர், காந்த முனையும் எதிர் என்பதால் இரண்டு எதிர்மறைகளும் சேர்ந்து நேராகிவிடுகின்றன. எந்தத் தந்தியை மீட்டினாலும் அது முன் வடத்தை மட்டுமே இழுக்கிறது. தேர் ஓடுகிறது.

இன்னொரு சின்ன மாற்றமும் செய்தார். பழைய பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே ஒரு காந்தக் குச்சி இருந்தது. புதியதில் தந்திக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு. தந்தி இரண்டுக்கும் நடுவே ஆடும். மீட்டிய கணத்தில் எழும் முரட்டு அடி சற்றுத் தணிந்தது. அந்தக் காலத்து ஒலிபெருக்கிகள் அந்த அடியைத் தாங்காமல் கிழிந்துகொண்டிருந்தன, அவை பிழைத்தன.

அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வெட்டுப் பிக்கப்பின் வடிவம் மாறவில்லை. இன்று சென்னை அண்ணா சாலையில் எந்த இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தாலும், ஏறுக்குமாறாக நிற்கும் அந்த இரண்டு கறுப்புச் செவ்வகங்களைப் பார்க்கலாம். டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றைக் கொண்டு, ஒற்றை விரலால் மீட்டி, மோட்டவுன் பாடல்களின் அடித்தளத்தையே போட்டார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று பேர் வாங்கியவர். அந்தக் கருவி 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருட்டுப்போனது.

•••

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஹம் ஒழிந்தது, குரல் கிடைத்தது, வேறென்ன வேண்டும்?

மூன்றே ஆண்டில் லியோ தானே அதைக் கலைத்தார். 1960-ல் ஜாஸ் பேஸ். இதில் இரண்டு பிக்கப். இரண்டும் ஒற்றைச் சுருள். தான் விரட்டிய பேயை மறுபடி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது போல. இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்தால் ஒன்றை ஒன்று எதிர்த்து ஹம் அடங்கும். ஒன்றை லேசாகக் குறைத்தாலும் திரும்பி வந்துவிடும். இது தெரிந்தும் ஏன் செய்தார்?

காரணம், இடம்.

தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் குளியாள் கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடுவார். தோணியில் கயிறு பிடித்து நிற்பவருக்கு அவரோடு உள்ள ஒரே பேச்சு, கயிற்றில் வரும் சிலிர்ப்புதான். கயிற்றை எங்கே, எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சிலிர்ப்பு கையில் தெரியும். பிக்கப்பும் தந்தியை ஒரு புள்ளியில்தான் தொட்டுப் பார்க்கிறது. ஒரே தந்தி கழுத்துப் பக்கம் அகலமாக ஆடும். அங்கே அடிச்சுரம் கனமாகக் கிடைக்கும். தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் அது ஆடுவதற்கே இடமில்லை. அங்கே அடிச்சுரம் மெலிந்து, அதன் மேல் ஏறிய மேற்சுரங்கள் முன்னுக்கு வரும். தந்தியின் நீளம் 86 சென்டிமீட்டர் சொச்சம். பிரிசிஷனின் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஜாஸ் பேஸின் பின் பிக்கப் அதில் பாதித் தொலைவுகூட இல்லை. ஒரு விரல் நீளம்தான். அந்த எட்டு ஒன்பது சென்டிமீட்டரில் குரல் வேறாகிவிடுகிறது.

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ ஓம், எந்தக் காந்தம் என்று விசாரிப்பதைப் பார்த்தால் இந்தத் தொடரை எழுதுபவருக்குச் சிரிப்புதான் வருகிறது. ஓம் கணக்கு சுருளின் கம்பி நீளத்தையும் பருமனையும் பற்றிக் கொஞ்சம் சொல்லும். குரலைப் பற்றிச் சொல்வது அதைவிடக் குறைவு. கம்பெனிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, மரத்தில் பிக்கப்புக்குக் குழி எங்கே வெட்டியிருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். அதை வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ல். அதே ஆண்டு இன்னொரு துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், பால் மெக்கார்ட்னி என்ற பதின்ம வயதுப் பையன் ஒரு கடைக்குள் நுழைந்து வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினான். ஃபெண்டர் அவன் கைக்கு எட்டாத விலை. இது ஏறத்தாழ 30 பவுண்டு. 1972-ல் திருட்டுப்போன அந்தக் கருவி திரும்பக் கிடைத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது.

•••

இந்த இட விவகாரம் நம் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது? ரேடியோ வழியாக.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தென் மாவட்டங்களின் டீக்கடைகளை ஆண்ட காலம் அது. தூத்துக்குடிக்கு சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 1927-ல் தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு சிறுவயதைக் கழித்தது கொழும்பில்தான்; மேற்கத்திய இசையில் அவருக்கிருந்த பிடிப்பு ஊரறிந்தது. எழுபதுகளில் ஈழத்துத் துள்ளிசையும் பைலாவும் கடல் தாண்டி வந்தன. சிலோன் மனோகரன் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி' 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா வழியாகத் தமிழ்த் திரைக்கே வந்துவிட்டது. பைலாவில் பேஸ் சும்மா பின்னால் நிற்காது. ஆட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.

டீக்கடை ரேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். 41 ஹெர்ட்ஸ் அதிலிருந்து வரவே வராது. 200-க்குக் கீழேயே திணறும். அப்படியானால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு பேஸ் எப்படிக் கேட்டது?

கேட்கவில்லை. காது கட்டிக்கொண்டது. ஒரு சுரத்தின் மேற்சுரங்கள் மட்டும் வரிசையாக வந்து விழுந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதற்கு மேற்சுரங்கள் வேண்டும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் கும்மென்று திரண்டு வரும் பேஸ், நல்ல ஸ்பீக்கரில் நெஞ்சைத் தட்டும். டீக்கடையில் காணாமல் போகும். பின் பிக்கப்பில் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல ஒலிக்கும் பேஸ்தான் அந்தச் சின்னப் பெட்டியைத் தாண்டி வெளியே வரும்.

ஸ்டுடியோவில் நன்றாக இருக்கும் குரல் ஒன்று, தெருவுக்கு வந்து சேரும் குரல் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே பிக்கப்புக்காரன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

•••

1976.

இப்படி ஓர் ஆண்டு வரலாற்றில் எப்போதாவதுதான் வாய்க்கிறது.

மே மாதம் சென்னையில் 'அன்னக்கிளி' வெளியானது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த கிட்டார்காரர் ஒருவர் இசையமைப்பாளராகப் பெயர் போட்ட முதல் படம்.

அதே ஆண்டு ஃப்ளோரிடா கடற்கரையிலிருந்து ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். ஃப்ரெட் கம்பிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விரல்பலகை தேயாமலிருக்கப் படகுக்குப் பூசும் எபாக்சியை அதன் மேல் பூசியிருந்தார். பின் பிக்கப்பை முழுக்கத் திறந்து, விரலையும் பிரிட்ஜ் பக்கம் தள்ளி வைத்து அவர் வாசித்தபோது பேஸ் மனிதக் குரலில் பாடியது. லியோ 1960-ல் அந்த இடத்தில் ஏன் குழி வெட்டினார் என்ற கேள்விக்குப் பதினாறு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. ஹம்மா? இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதே ஆண்டு லியோ ஃபெண்டரும் திரும்பி வந்தார். தன் கம்பெனியை 1965-லேயே சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டவர், இப்போது மியூசிக் மேன் என்ற புதிய கம்பெனியில். அங்கிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸில் ஒரே ஒரு பிக்கப். தடித்த குச்சிகள் எட்டு, இரட்டைச் சுருள், ஹம் இல்லை. கூடவே உள்ளுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றும் சின்ன ப்ரீஆம்ப்பும். தந்தியின் துளி மின்சாரத்தைக் கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே ஊதிப் பெருக்கி வெளியே அனுப்பும் ஏற்பாடு.

அதே 1976-ல்தான் சீமோர் டங்கன், இ.எம்.ஜி. என்ற இரு பிக்கப் கம்பெனிகளும் கலிஃபோர்னியாவில் தொடங்கின. பிக்கப் என்பது கிட்டாரோடு பிறந்து கிட்டாரோடு சாகும் உறுப்பு என்ற நிலை மாறி, கடையில் தனியாக வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளும் பொருளாயிற்று. 'எதைத் தேர்ந்தெடுப்பது' என்ற தலைவலி மனிதகுலத்துக்குத் தொடங்கியதும் அந்த எழுபதுகளில்தான்.

•••

சென்னை ஸ்டுடியோக்களில் அன்று ஒலிப்பதிவு என்பது ஒரு கல்யாண வீடு. வயலின்கள் வரிசையாக, புல்லாங்குழல், தபேலா, டிரம்ஸ், கிட்டார்கள், பாடகர். எல்லாரும் ஒரே நேரத்தில். ஒருவர் தவறினால் எல்லாருக்கும் முதலிலிருந்து. ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே இளையராஜா ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியை நொட்டேஷனில் எழுதிவிடுவார். பேஸுக்கும் தான்.

அந்த "பேஸுக்கும் தான்" என்பதில் ஒரு புரட்சி இருக்கிறது. அதுவரை நம் திரையிசையில் பேஸ் பெரும்பாலும் தாளத்தோடு கூடவே நடந்து, கார்டின் முதல் சுரத்தைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இளையராஜா எழுதிய பேஸ், பாடகருக்குப் பதில் சொன்னது. பல்லவி மேலே ஏறினால் அது கீழே இறங்கியது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசியது. அவற்றில் பலவற்றை வாசித்துக் காட்டிய விரல்கள் சசிதரனுடையவை. 'ப்ரியா' (1978), 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) என்று எந்தப் படத்தின் பாடல்களை எடுத்தாலும், குரலை மறந்துவிட்டு அடியில் ஓடும் அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தனிப் பாட்டாகவே நிற்கும்.

இப்படி எழுதப்பட்ட பேஸுக்கு ஹம் தாங்காது. ஏன்? தாளத்தோடு இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் பேஸில் ஹம் ஒளிந்துகொள்ளும். இடைவெளி விட்டுப் பேசும் பேஸில், அந்த இடைவெளிதான் பாட்டு. அந்த மௌனத்தில் கொர்ர் என்று ஒன்று ஓடினால் அத்தனை வயலின்களின் உழைப்பும் வீண். எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பதிவாகும் பாட்டிலிருந்து அதைப் பிறகு பிரித்தெடுக்கவும் வழி கிடையாது.

பக்கத்தில் வயலின் மைக்குகள் திறந்திருக்க, பேஸுக்கு ஆம்ப் வைத்தால் அதன் அதிர்வு எல்லா மைக்கிலும் ஏறிவிடும். இதற்கு உலகெங்கும் ஸ்டுடியோக்கள் கண்ட வழி, பேஸை ஒரு டி.ஐ. பெட்டி வழியாக நேராகக் கன்சோலுக்குக் கொடுத்துவிடுவது. டெட்ராய்ட்டில் ஜேமர்சனுக்கும் அப்படித்தான். அப்போது ஆம்ப், ஸ்பீக்கர், அறை என்று குரலை மாற்றுகிற எதுவும் நடுவில் இல்லை. விரல், தந்தி, பிக்கப். மூன்றே பேர்.

•••

திருவிழா மேடைக்குத் திரும்பலாம். நம் தம்பி என்ன வாங்க வேண்டும்?

அவன் கேட்பதும் பெரும்பாலும் அவனைப் போன்றவர்கள் கேட்பதும் "எந்த பிராண்ட்?" என்றுதான். கேட்க வேண்டியது, "எந்த மின்சாரத்தில் நிற்கப் போகிறேன்?" ஸ்டுடியோவுக்குள் வாசிப்பவனுக்கு ஜாஸ் பேஸின் ஒற்றைச் சுருள்கள் போதும், இரண்டையும் கலந்து பத்துக் குரல் எடுக்கலாம். ஜெனரேட்டருக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவே நிற்பவனுக்கு வெட்டுப் பிக்கப்தான் துணை. ஜாஸின் குரலை விட மனமில்லை என்றால் அதே அளவு உறைக்குள் சுருளை இரண்டாகப் பிரித்தோ, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியோ ஹம்மை அடக்கிய பிக்கப்புகள் கிடைக்கின்றன. பழைய குழியிலேயே உட்கார்ந்துவிடும். மரத்தை வெட்ட வேண்டாம். குரலில் ஒரு சிட்டிகை காரம் குறையும் என்று சுத்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். திருவிழாவில் அந்தச் சிட்டிகையை யாரும் தேடப்போவதில்லை.

ஸ்டிங்ரே போல உள்ளே பேட்டரி வைத்த ஆக்டிவ் பேஸ் வாங்கினால் மிக்ஸர் வரை நீளமான கேபிள் இழுத்தாலும் குரல் மங்காது. ஆனால் கேபிளைச் செருகிய நொடியிலிருந்து பேட்டரி தீரத் தொடங்கும். சாயங்காலம் செருகிவிட்டு, பேச்சாளர்கள் முடித்து, ராத்திரி பத்து மணிக்கு வாசிக்க ஏறும் கலைஞர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. தந்தியை விரலால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், குற்றம் சுருளில் இல்லை. கிட்டாரின் உள்ளறைக்குச் செம்புத் தகடு ஒட்டவில்லை என்று பொருள். தொட்டதும் விரலில் சுரீர் என்றால், எர்த் சரியில்லை. அதற்கு எந்தப் பிக்கப்பும் மருந்தாகாது. அண்ணாச்சியை அழைத்து, மேடை ஒயரிங்கைப் பார்த்த பிறகே கிட்டாரை மறுபடி தொட வேண்டும்.

கடற்கரை ஊருக்கே உரிய சங்கடம் வேறு. உப்பளத்துக் காற்று எஃகுத் தந்தியைத் துருவேற்றும், வால்யூம் திருகைக் கரகரக்க வைக்கும், ஈயப் பற்றுகளைத் தின்னும். காசு கொடுத்துப் பிக்கப்பை மாற்றிவிட்டு, கரகரப்பு போகவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது அந்தத் திருகாகவே இருந்திருக்கும். இன்னும் எளிதான வைத்தியம், பிக்கப்பின் உயரம். சத்தம் கூடட்டும் என்று தந்தியை ஒட்டி ஏற்றி வைத்தால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுருதி தள்ளாடும். ஒரு ஸ்குரூ டிரைவரால் இரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் புதுப் பிக்கப் வாங்கியது போல இருக்கும். செலவு, ஒரு டீக்காசுகூட இல்லை.

•••

இனி வருவது இந்தக் கதையின் பெரிய திருப்பம்.

1986. 'விக்ரம்', 'புன்னகை மன்னன்'. இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் சின்தசைசரும் சீக்வென்சரும் முன்வரிசைக்கு வந்தன. இப்போது பேஸ் என்பது ஒரு கீபோர்டின் இடக்கைப் பக்கம். அதற்குத் தந்தி இல்லை, காந்தம் இல்லை, சுருள் இல்லை. எனவே ஹம்மும் இல்லை. துரு ஏறாது. விரல் வலிக்காது. ஒரு தடவை எழுதிவிட்டால் நூறு தடவையும் இம்மி பிசகாமல் வாசிக்கும். லியோ ஃபெண்டர் வாழ்நாளெல்லாம் துரத்திய பேய், ஒரு பொத்தானை அழுத்தியதும் தானாகவே விடைபெற்றுக்கொண்டது. பேஸ் கலைஞனுக்கும் சேர்த்தே விடைகொடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டின் முன் உட்கார்ந்து பழகிய திலீப் என்ற இளைஞர், 1992-ல் ஏ.ஆர். ரஹ்மானாக 'ரோஜா'வைக் கொடுத்தார். இயந்திரங்களை அவர் அளவுக்கு நேசித்தவர் அன்று தென்னகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சொந்த ஸ்டுடியோ, கணினி, எந்தப் பேஸ் குரலையும் நொடியில் வரவழைக்கும் பெட்டிகள். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அப்படியிருந்தும் அவர் தம் பாடல்களுக்கு, தோளில் நாலு தந்தி மாட்டிய கீத் பீட்டர்ஸை ஏன் திரும்பத் திரும்ப அழைத்தார்?

(தொடரும்)